முகர்ரர்

பாவு நூல் காலையிலிருந்தே அறுந்துகொண்டிருந்தது. மே மாத வெயில் தகரக் கூரையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால் நூல் சொன்ன பேச்சுக் கேட்காது. ஹாஜரா தரையில் தண்ணீர் தெளித்தாள். சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டாள். சாக்கு காய்வதற்குள் தரை காய்ந்துவிட்டது. மறுபடி தெளித்தாள்.

வீட்டின் முன்பகுதிதான் தறிக்கூடம். இரண்டு விசைத்தறிகள். சுவரோரம் இருப்பது குத்தூஸின் தறி. அவருடைய தகப்பனார் விட்டுப்போனது. வாசலோரம் இருப்பது ஹாஜராவினுடையது. நிக்காஹ் அன்று மஹராக, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடையாக, எழுதிக் கொடுத்தது. மாலேகாவ் ஊரில் மஹராக நகை கொடுத்தவர்கள் உண்டு, ரொக்கம் கொடுத்தவர்கள் உண்டு. தறி கொடுத்தவர் குத்தூஸ் ஒருவர்தான் என்று தெருவில் இன்னும் சொல்வார்கள். சொல்லும்போது சிரிப்பார்கள். ஹாஜரா சிரித்ததில்லை. தறிகளுக்கு ஓய்வு நாளான வெள்ளிக்கிழமை தோறும் தன் தறியைத் துடைத்து எண்ணெய் விடுவாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

இரண்டு தறியும் ஓடும்போது கூடத்தில் குரலுக்கு வேலை கிடையாது. உதடு அசைந்தால் போதும். எல்லோரும் உதட்டைப் படிப்பார்கள். சத்தம் இருக்கும்வரை அந்த வீட்டில் எல்லோரும் ஒரே அளவுக்குச் செவிடு. மோட்டார் நின்ற பிறகு குத்தூஸ் மட்டும் செவிடு. இளவயதிலிருந்து ஓட்டிய தறி அவருடைய காதை வாங்கிக்கொண்டது.

ஹாஜரா ஊடை நூல் சுற்றிய தார்கள் நிறைந்த கூடையை மகன் தல்ஹாவின் காலடியில் வைத்துவிட்டு வாயசைத்தாள்.

"பருப்புல உப்பு கூடிருச்சு. அப்பாகிட்ட சொல்லாத."

"ரெண்டு உருளைக்கிழங்கை வெட்டிப் போடு" என்றார் குத்தூஸ், அந்தக் கோடியிலிருந்து, ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி.

நண்பகல் தொழுகைக்கு முன்பே மின்சாரம் போனது. தறிகள் ஒவ்வொன்றாக, பிறகு தெரு முழுக்க, நின்றன. பக்கத்து வீட்டுக் கோழியின் சத்தம் கேட்டது. மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தால்ச்சா, சோறு, நறுக்கிய வெங்காயம். உருளைக்கிழங்கு உப்பை முழுதாக வாங்கவில்லை.

குத்தூஸ் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, "லத்தீஃப் சேட் சனிக்கிழமை மத்தியானம் வர்றேன்னு சொல்லியிருக்கார்" என்றார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

"எதுக்கு?" என்றாள் ஹாஜரா.

"தறியைப் பாக்க."

"எந்தத் தறியை?"

குத்தூஸ் சோற்றைப் பிசைந்தார். "என் தறியை யார் வாங்குவா? பழைய இரும்புக்காரன்தான் வாங்குவான். உன்னோடது நல்லாயிருக்கு. நீ வச்சிருக்கிற மாதிரி யாரும் வச்சிருக்கலன்னு சேட்டே சொல்றார்."

"என் தறியை வித்து?"

"என் கவிதையெல்லாம் சேத்துப் புத்தகம் போடலாம்னு."

ஹாஜரா மகனைப் பார்த்தாள். தல்ஹா தண்ணீர்ச் சொம்பை எடுத்தான்.

"வெள்ளிக்கிழமை தோறும் கூட்டத்துல பாக்கறேன் ஹாஜரா. இருபது பேருக்குக் குறையாம கை தூக்கறாங்க. மறுபடி சொல்லு, மறுபடி சொல்லுன்னு கேக்கறாங்க. தலைவர் முன்ஷிக்குக்கூட அப்படிக் கேக்கறதில்ல. இவனைக் கேளு." மகனின் தொடையைத் தட்டினார். "நான் போய்ட்டா யார் மறுபடி சொல்றது? புத்தகம்தான் சொல்லணும்."

"உங்க தறியில்ல அது, தல்ஹா அப்பா."

"தெரியும். அதான் கேக்கறேன். நீ வேணாம்னா வேணாம்."

ஹாஜரா அவர் தட்டில் இன்னொரு கரண்டி தால்ச்சா ஊற்றினாள்.

*

இஷ்தியாக்கின் டீக்கடை மாடியில் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கவிதைக் கூட்டம் கூடும். தறிக்காரர்கள், பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங் பட்டறைக்காரர்கள், இரண்டு பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர். ரஊஃப் முன்ஷிதான் தலைவர். ஒவ்வொரு வாரமும் ஓர் அடியைக் கொடுப்பார். அந்த அடியில் முடியுமாறு எல்லோரும் ஈரடிகளாகக் கஜல் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஈரடி பிடித்துப்போனால் கேட்பவர்கள் கையை உயர்த்தி "முகர்ரர்" என்பார்கள். மறுபடி சொல்லுங்கள் என்று அர்த்தம். ஒரு கவிஞனுக்கு அதைவிட வேறு கூலி அந்த ஊரில் கிடையாது.

அதே வார்த்தையால் ஒருவனின் தோலையும் உரிக்கலாம். சந்தம் தப்பிய ஈரடியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. சொல்கிறவனுக்குக் கேட்பவர்கள் குரலில் இருக்கும் கேலி தெரியும். ஒரு தடவையோடு அடுத்த ஈரடிக்குத் தாவிவிடுவான், அல்லது உட்கார்ந்துவிடுவான். குத்தூஸுக்குக் குரல் கேட்காது. உயர்ந்த கைகளும், மூடித் திறக்கும் உதடுகளும் மட்டும்தான். முகர்ரர் என்ற சொல் எப்படிச் சொன்னாலும் உதட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அவருடைய கவிப்பெயர் ஷோலா. தீப்பிழம்பு. அவர் எழுந்தால் பின்வரிசையில் யாராவது தண்ணீர்ப் பானையை அருகே நகர்த்திவைப்பார்கள், தீப்பிடித்தால் அணைக்கவாம். அவருடைய முதல் அடி நீண்டுகொண்டே போகும். மூச்சு முட்டி, எங்கோ இரண்டாவது அடியைத் தொடுவார்.

"நம்ம ஊருக்கு ரயில் கிடையாதுன்னு யார்ப்பா சொன்னது?" என்று ஷஃபாகத் ஒருநாள் கேட்டான். "குத்தூஸ் சாச்சாவோட ஒரு அடியில ஏறி உக்காந்தா மன்மாடு ஜங்ஷன் வரைக்கும் போய்ட்டு வந்துரலாம்."

அன்றிலிருந்து அவர் எழுந்தாலே யாராவது வாய்க்குள் விசில் ஊதுவார்கள். ஷஃபாகத் தல்ஹாவின் நண்பன். நன்றாக எழுதுபவன். தல்ஹாவும் நன்றாக எழுதுவான் என்று பெயர். மதியத்துக்கு மேல் கம்போசிங் கடையில் வேலை. ஊரில் வரும் கவிதைப் புத்தகமெல்லாம் அவன் விரல் வழியாகத்தான் அச்சுக்குப் போகும். போன குளிர்காலத்தில் புர்ஹான்பூரில் நடந்த முஷாயிரா கவியரங்கத்துக்கு அவனை அழைத்திருந்தார்கள். அங்கே ஒருவர், "மாலேகாவ்ல குத்தூஸ் ஷோலான்னு ஒருத்தர் இருக்காராமே, ரொம்பத் தமாஷாம். தெரியுமா?" என்று கேட்டார். "எங்க தெருக்காரர்" என்றான் தல்ஹா. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மேடையில் அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த முகர்ரர்கள் நிஜமானவை. ஒன்றும் காதில் ஏறவில்லை.

கூட்டத்தில் அப்பா படிக்கும்போது தல்ஹா கை தூக்கியதில்லை. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வீடு திரும்பும் வழியில் குத்தூஸ் நின்று அவன் வாயைப் பார்ப்பார்.

"அந்த மூணாவது ஈரடிக்கு முன்ஷி ஏதோ சொன்னாரே. திரும்பிக்கிட்டுச் சொன்னதால தெரியல. என்ன சொன்னார்?"

"நல்லாயிருக்குன்னார்."

"அவ்வளவுதானா? நெறையப் பேசின மாதிரி இருந்தது."

"ரொம்ப நல்லாயிருக்குன்னார்."

இப்படித்தான் மூன்று வருஷம் போனது.

*

சாப்பிட்டதும் குத்தூஸ் தறிகளுக்கு நடுவே தரையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். ஹாஜரா உள்ளறையில் கைராட்டையில் தார் சுற்ற உட்கார்ந்தாள். மின்சாரம் வருவதற்குள் கொஞ்சம் சேர்த்துவைத்தால் நல்லது. தல்ஹா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"இங்க வா."

வந்தான்.

"உக்காரு. கடை ஓடிப்போகாது."

அவள் ராட்டையை நிறுத்தவில்லை.

"எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். கவிதை தெரியாது. அப்பா எழுதினதைச் சொல்லிக் காட்டுவார், ஆமாம்பேன். பருப்புக்கு உப்புப் பாக்கற மாதிரி அதுக்குப் பாக்க எனக்கு நாக்கு இல்ல. உனக்கு இருக்கு."

"அம்மி..."

"ஊர்ல பத்துப் பேர் உன்கிட்டக் கொண்டுவந்து காட்டறாங்க. நல்லாயிருக்கா இல்லையான்னு சொல்றியாம். எனக்கும் சொல்லு. அது நல்லதுன்னா தறி போகட்டும். ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். என்னைக்கோ அவர் குடுத்ததுதான், அவருக்கே போகுது."

"நல்லா இல்லைன்னா?"

"நல்லா இல்லைன்னு நான் சொல்லல. கேக்கறேன்."

தல்ஹா சுவரைப் பார்த்தான். சுவரில் ஒரு பல்லி, வெயிலுக்கு அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை போகட்டும்" என்றான். "அப்புறம் சொல்றேன்."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு வெள்ளிக்கிழமை எதுக்கு?"

"சொல்றேன் அம்மி."

நூல் அறுந்தது. ஹாஜரா முனையை வாயில் வைத்து ஈரப்படுத்தி முடிந்தாள். "உங்கப்பா தூங்கும்போதுகூட ஏதோ முணுமுணுக்கறார், பாரு" என்றாள். "கவிதையை எண்ணிக்கிட்டே இருக்கார் மனுஷன்."

*

அந்த வாரத்து அடி: *ஜன்னல் திறந்தும் காற்று வரவில்லை.*

வியாழக்கிழமை காலையில் மின்சாரம் நின்றிருந்தபோது தல்ஹா அப்பாவின் எதிரே போய் உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து கேட்டான்.

"இந்த வாரம் எழுதினதை நான் பாக்கட்டுமா?"

குத்தூஸ் முதலில் புரியாதவர்போல இருந்தார். பிறகு இடுப்பு மடிப்பிலிருந்து காகிதத்தை எடுத்தார். சிகரெட் அட்டையின் உள்பக்கம். கொடுக்கும்போது விரல் வேர்த்திருந்தது.

"நீ கேட்டதே இல்லையேப்பா."

தல்ஹா படித்தான்.

*தறியில் நூல் அறுந்து, கரண்டும் போய், ஹாஜரா நனைத்துப் போட்ட சாக்கும் காய்ந்து, சரியென்று நானே எழுந்துபோய்ப் பார்த்தால்*
*ஜன்னல் திறந்தும் காற்று வரவில்லை.*

"முதல் அடி கொஞ்சம் நீளம்" என்றான்.

"அப்படியா?"

"ரெண்டு அடியும் ஒரே அளவு இருக்கணும்ல. ஒரே பன்னாவுல, ஒரே அகலத்துல நெய்யற மாதிரி."

"ஆமா, ஆமா. எதை எடுக்கலாம்?"

"கரண்டை எடுத்துரலாம். சாக்கையும்."

"சாக்கு இருக்கட்டுமே" என்றார் குத்தூஸ். பிறகு மகனின் முகத்தைப் பார்த்து, "இல்ல, நீ சொன்னா சரி. எடுத்துரு" என்றார்.

தல்ஹா எழுதிக் கொடுத்தான்.

*தறியும் ஓய்ந்தது; தெருவும் ஓய்ந்தது;*
*ஜன்னல் திறந்தும் காற்று வரவில்லை.*

சந்தம் சரியாக இருந்தது. யாரும் கைவைக்க முடியாது. மற்ற நான்கு ஈரடிகளையும் அப்படியே இழைத்துக் கொடுத்தான். குத்தூஸ் ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். விரலால் முழங்காலில் தட்டினார்.

"சட்டுனு முடிஞ்சுருதே" என்றார். "நல்லாத்தான் இருக்கு."

ஒரு தடவை நிஜமாகவே பாராட்டட்டும். பிறகு அம்மியிடம் பொய் சொல்ல வேண்டியிருக்காது. தல்ஹா நினைத்தது அவ்வளவுதான்.

*

வெள்ளிக்கிழமை மாடியில் மின்விசிறி சுற்றியது, அனல்தான் வந்தது. இஷ்தியாக்கின் ஆள் டீயோடு வந்து வந்து போனான். இரண்டு பேர் படித்தார்கள். தல்ஹா படித்தான். அவனுக்கு இரண்டு முகர்ரர் கிடைத்தது. பிறகு முன்ஷி, "குத்தூஸ் ஷோலா" என்றார். குத்தூஸ் முன்வரிசையில் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

பின்வரிசையில் பானை நகர்ந்தது. யாரோ விசிலை ஆரம்பித்தான்.

குத்தூஸ் முதல் ஈரடியைச் சொன்னார். முடிந்துவிட்டது.

விசில் பாதியில் நின்றது. ஷஃபாகத் தூக்கிய கையைத் தூக்கியபடி வைத்திருந்து, மெல்ல இறக்கித் தலையைச் சொறிந்தான். சிரிக்க ஒன்றும் இல்லை. பாராட்டவும் பெரிதாக ஒன்றும் இல்லை. ரஊஃப் முன்ஷி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒருமுறை அசைத்தார். அந்தக் கூட்டத்தில் குத்தூஸுக்கு முதன்முதலாகக் கிடைத்த மெய்யான மரியாதை அது. அவர் அதைப் பார்க்கவில்லை. கைகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஈரடி. மூன்றாவது. மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குத்தூஸின் கண் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய் வந்தது. எல்லாக் கைகளும் மடியில் இருந்தன. நெற்றிவரை உயர்த்தி ஆதாப் வணக்கம் செய்யத் தயாராக இருந்த அவருடைய கை நெஞ்சருகில் அப்படியே நின்றது. நான்காவது ஈரடியின் நடுவில் குரல் இறங்கியது. கடைசியை விட்டுவிட்டார். முதல் ஈரடியையே மறுபடி சொன்னார், யாரும் கேட்காமல். பிறகு மகனைப் பார்த்தார்.

பாய்க்கோரை தல்ஹாவின் விரலில் இருந்தது. அதை விட்டான். கையைத் தூக்கினான்.

"முகர்ரர்" என்றான்.

அடுத்த நிமிஷம் ஷஃபாகத் அவனைத் திரும்பிப் பார்த்தான். புருவம் உயர்ந்தது. மகனே ஆரம்பித்துவைத்தால் வேறென்ன வேண்டும் என்பதுபோல ஒரு சிரிப்பு.

"முகர்ரர், சாச்சா!"

"முகர்ரர்!"

கைகள் எழுந்தன. குத்தூஸ் நெற்றிக்குக் கை கொண்டுபோனார். முகம் கழுவிவிட்டதுபோல ஆனது. முதல் ஈரடியைச் சொன்னார். மறுபடி கேட்டார்கள். சொன்னார். மூன்றாவது தடவை கேட்டதும், கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "இதுக்கு முன்னாடி வேற மாதிரி எழுதியிருந்தேன். நீங்க இவ்வளவு கேக்கறதால அதையும் சொல்லிடறேன்" என்றார்.

வேண்டாம் என்று தல்ஹா தலையை ஆட்டினான். அவர் பார்க்கவில்லை.

*தறியில் நூல் அறுந்து, கரண்டும் போய், ஹாஜரா நனைத்துப் போட்ட சாக்கும் காய்ந்து...*

கூட்டம் அதற்குமேல் தாங்கவில்லை. ஒருவன் பாயில் புரண்டான். மனைவியின் பெயரைச் சபையில் யாரும் உச்சரிப்பதில்லை. கவிதையில் அவள் நிலவாக வருவாள், மெழுகுவத்தியாக வருவாள். சாக்கு நனைப்பவளாக, சொந்தப் பெயரோடு, ஒருத்தி அந்த மாடிக்கு வந்ததே இல்லை.

"அந்தச் சாக்கை மறுபடி போடுங்க சாச்சா!"

"யார் நனைச்ச சாக்கு? காதுல விழல!"

"ஹாஜரா நனைச்ச சாக்கு" என்றார் குத்தூஸ் உதட்டைப் படித்துவிட்டு, சிரித்த முகத்தோடு. "ஹாஜரா. என் வீட்டுல."

"முகர்ரர்!"

ரஊஃப் முன்ஷி எழுந்துபோய் மாடிச்சுவர் அருகே நின்றுகொண்டார். தல்ஹா தன் கையைப் பார்த்தான். அது எப்போதோ மடிக்கு வந்துவிட்டிருந்தது. அம்மியின் பெயர் மாடியிலிருந்து டீக்கடைக்கு இறங்கி, அங்கிருந்து தெருவுக்குப் போவது அவனுக்குக் கேட்டது.

திரும்பும்போது குத்தூஸ் வழியில் நிற்கவில்லை. முன்ஷி என்ன சொன்னார் என்று கேட்கவும் இல்லை. பேக்கரியில் நான்கட்டாய் பிஸ்கட் வாங்கினார். "ஹாஜராவுக்குப் பிடிக்கும்" என்றார். பிறகு, "இன்னைக்கு நீ கை தூக்கினதைப் பாத்தேன்" என்றார், தெருவே கேட்கும்படி. "முதல் கை உன்னோடதுதான்."

வீட்டில் ஹாஜரா தன் தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்தாள். அவன் உள்ளே போய் முகம் கழுவினான். வெகுநேரம் கழுவினான். அன்று அவள் கேட்கவில்லை.

*

சனிக்கிழமை காலை நூல்மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரன் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

"பாபி, என்ன வெயில். சாக்கு காஞ்சிருச்சா?"

"இப்பத்தான் நனைச்சேன்" என்றாள் ஹாஜரா.

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான். வண்டி நகர்ந்ததும் அடக்கவில்லை. எதிர்வீட்டுத் தறிக்கூடத்து ஆட்களும் வாசலில் நின்று சிரித்தார்கள்.

ஹாஜரா உள்ளே வந்தாள். இரண்டு தறியும் ஓடின. தல்ஹா சுவரோரத் தறியில் நின்றான். குத்தூஸ் வாசலோரத் தறியின் பின்பக்கம், பாவுக்குள் தலையைவிட்டு அறுந்த இழையைத் தேடிக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. அவள் தார்க்கூடையை வைத்துவிட்டு மகனின் எதிரே வந்து நின்றாள்.

"என்ன சாக்கு?" என்று வாயசைத்தாள்.

"எந்த சாக்கு?"

"அவன் கேட்டது. எதிர்வீட்டுல ஏன் சிரிக்கறாங்க?"

தல்ஹா குனிந்து தார் எடுத்தான். அவள் அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

"மத்தியானம் சேட் வர்றார். வெள்ளிக்கிழமை போயாச்சு. சொல்லு."

அவன் வாசலோரத் தறியைப் பார்த்தான். முதுகுதான் தெரிந்தது. தறிச்சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. அம்மியின் பக்கம் திரும்பிச் சொன்னான்.

"நல்லா இல்ல, அம்மி. ஒருநாளும் நல்லா இருந்ததில்ல. அவங்க கேக்கறது கிண்டலுக்கு. மூணு வருஷமாச் சிரிக்கறாங்க. நேத்து உங்க பேரைச் சொல்லிச் சிரிச்சாங்க. ஆரம்பிச்சு வச்சது நான்தான்."

ஹாஜராவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அவள் அவனைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் எதையோ பார்த்தாள்.

தல்ஹா திரும்பினான்.

குத்தூஸ் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். அறுந்த இழையின் இரண்டு முனைகளும் இடது கையின் இரண்டு விரல்களுக்கிடையே இருந்தன. எப்போது நிமிர்ந்தார் என்று தெரியவில்லை. தாய்க்கும் மகனுக்கும் நடுவே, பக்கவாட்டில், இரண்டு வாயும் தெரிகிற இடம் அது.

அவர் வலதுகையை உயர்த்தினார். உள்ளங்கை மேலே பார்க்க, கூட்டத்தில் தூக்குவதுபோல. உதடு மூடித் திறந்தது.

முகர்ரர்.

முகத்தில் கேலி இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து ஓர் அடியைத் தவறவிட்டவன் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஹாஜரா மோட்டாரை நிறுத்த எட்டினாள். அவர் தலையசைத்து வேண்டாம் என்றார்.

தறிகள் ஓடின. ஓர் இழை இல்லாமலே துணி இறங்கிக்கொண்டிருந்தது.

தல்ஹா ஓரடி முன்னால் வந்தான். அப்பாவுக்கு நேராக நின்று, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி வாயைத் திறந்து, மறுபடி சொன்னான். நல்லா இல்ல என்பதிலிருந்து ஆரம்பித்தான். எங்க தெருக்காரர் என்று புர்ஹான்பூரில் சொன்னதையும் சேர்த்துக்கொண்டான். அது முதல் தடவையில் இல்லை.

குத்தூஸ் கடைசிவரை அவன் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் கையை இறக்கினார். இழையின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினார். முதலில் பிடிக்கவில்லை. மறுபடி முறுக்கினார். பிடித்தது.

"நீ சொன்னதுல அளவு ஒண்ணும் கூடல" என்றார். இவ்வளவு சத்தத்திலும் அவர் குரல் கேட்டது. "ஒண்ணும் குறையல."

பிறகு ஹாஜராவின் பக்கம் திரும்பினார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுடைய தறியின்மேல் கையை வைத்திருந்தார்.

"தார் கொண்டா. சேட் வந்தா தறி ஓடிக்கிட்டு இருக்குன்னு சொல்லு."